கம்பம் பள்ளத்தாக்கு: தண்ணீர் போகிற வழியே நான்கு நாள் பயணம்

தேனி மாவட்டத்துக்குச் சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் சுருளியில் குளிப்பார்கள், மேகமலையில் படம் எடுப்பார்கள், அப்புறம் குமுளி ஏறித் தேக்கடிக்குப் போய்விடுவார்கள். இடையில் இருக்கும் பள்ளத்தாக்கு, வயலும் தென்னந்தோப்புமாக ஜன்னலுக்கு வெளியே ஓடி மறைந்துவிடும். அந்த வயல்களில் பாய்கிற தண்ணீரின் கதை தெரிந்தால் யாரும் அப்படிக் கடந்துபோக மாட்டார்கள். மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து 1895-இல் கிழக்கே திருப்பினார்கள். அந்தத் தண்ணீர்தான் லோயர் கேம்ப்பில் இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று ஊர் ஊராக நடந்து, தேனிக்குக் கிழக்கே வைகையில் சேர்கிறது.

ஆகவே என் யோசனை ஒன்றே ஒன்று: தண்ணீர் போகிற திசையிலேயே நீங்களும் போங்கள். மேலிருந்து கீழே. மணிமண்டபம், சமணச் சிற்பங்கள், பழைய கோயில்கள், அருவி, அணை எல்லாம் இந்த ஒரே கோட்டில் வருகின்றன. இந்த வரிசையில் பார்த்தால் ஒன்று எங்கே முடிகிறதோ அங்கே அடுத்தது புரியத் தொடங்கும்.

எப்போது வருவது

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கும் பகுதி இது. ஜூன், ஜூலையில் மேலே கேரளத்தில் கொட்டித் தீர்க்கும்போது இங்கே வானம் மூட்டமாக இருக்கும். பலத்த காற்று வீசும், சாரல் மட்டும் விழும். பள்ளத்தாக்குக்கு நல்ல மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான்.

வழக்கமாக ஜூன் முதல் தேதி முதல் போகத்துக்குப் பெரியாற்றுத் தண்ணீரைத் திறப்பார்கள். மலையில் மழை தள்ளிப்போனால் திறப்பும் தள்ளிப்போகும். பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் இந்தத் தண்ணீரை நம்பியிருக்கிறது. திறந்து சில வாரங்கள் கழித்து வந்தால் நடவு நடந்துகொண்டிருக்கும். ஆகஸ்டில் கண்ணுக்கெட்டிய வரை பச்சை. ஆற்றில் தண்ணீரும் இருக்கும், அருவியும் விழும், வெயிலும் உறைக்காது. என்னைக் கேட்டால் ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் வரை முதல் தேர்வு, ஜனவரி நடு இரண்டாவது.

கார்த்திகை முதல் தை முதல் வாரம் வரை சபரிமலைக் கூட்டம் இந்தச் சாலை வழியாகத்தான் போகும். அப்போது குமுளி மலைச்சாலையில் நெரிசலைக் குறைக்க, மேலே போகும் வாகனங்களைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவது உண்டு. அந்த நாட்களில் உங்கள் திட்டத்தில் இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே வெயில் கடுமை. ஆனால் வீரபாண்டித் திருவிழாவும் கண்ணகி கோயில் நாளும் அந்தச் சமயத்தில்தான் வருகின்றன.

எப்படி வருவது, எங்கே தங்குவது

மதுரையிலிருந்து தேனி சுமார் 75 கிலோமீட்டர். அங்கிருந்து கம்பம் இன்னொரு 40. ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் குமுளி, கம்பம் வண்டிகள் அடிக்கடி கிடைக்கும். ரயிலில் வர விரும்பினால், அகலப் பாதைப் பணிக்காக 2010-இல் நின்றுபோன மதுரை - போடி தடம் 2022-இல் தேனி வரையும் 2023 ஜூனில் போடிநாயக்கனூர் வரையும் மீண்டும் ஓடத் தொடங்கிவிட்டது. சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கு வாரத்தில் மூன்று நாள் ரயில் உண்டு.

முதல் இரண்டு இரவுகள் கம்பத்தில் தங்குங்கள், மூன்றாவது சின்னமனூரிலோ தேனியிலோ. நான்கு நாளும் தேனியில் அறை எடுத்துவிட்டுத் தினமும் போய்வந்தால் காலைப்பொழுது முழுவதும் சாலையிலேயே போய்விடும். சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: புறவழிச்சாலைகள் வந்துவிட்டன, அவற்றிலேயே போனால் எந்த ஊரும் கண்ணில் படாது. அவசரம் இல்லையென்றால் ஊருக்குள் நுழைந்து போகும் பழைய சாலையைப் பிடியுங்கள்.

முதல் நாள்: தண்ணீர் இறங்கும் இடம்

காலையில் கம்பத்திலிருந்து கிளம்பிக் கூடலூர் தாண்டி லோயர் கேம்ப்புக்குப் போங்கள். நிற்காமல் குமுளிப் பேருந்திலேயே ஒருமுறை மேலே ஏறி, இறங்கிவரும்போது பார்ப்பது நல்லது. மலைச்சாலையில் ஏறும்போதே நான்கு பெரிய இரும்புக் குழாய்கள் மலைச்சரிவில் படுத்திருப்பது தெரியும். தேக்கடி ஏரியிலிருந்து மலைக்குள் சுமார் 1.7 கிலோமீட்டர் சுரங்கத்தில் வரும் தண்ணீர், போர்பே அணையில் தேங்கி, இந்தக் குழாய்களில் விழுந்து, கீழே மின் நிலையத்தின் நான்கு இயந்திரங்களைச் சுழற்றுகிறது. 1895-இல் பாசனத்துக்காக மட்டும் தொடங்கியது. மின்சாரம் 1950-களின் கடைசியில் சேர்ந்துகொண்டது. குழாய்கள் கொள்ளாத அளவுக்குத் தண்ணீர் திறந்தால் மிச்சம் இரைச்சல் பாலம் வழியாக அருவியாக விழும். திறந்திருக்கும் நாளில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. வளைவில் வண்டியை நிறுத்தி இறங்காதீர்கள். லாரிகள் இறங்கும் சாலை.

அணையைப் பார்க்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். பார்க்க முடியாது. அது பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. தேக்கடியில் படகில் போனால் அணை தேக்கிய நீர்ப்பரப்பில் போகலாம், அணை வரை போக மாட்டார்கள். நீரில் மூழ்கிப் பட்டுப்போன மரங்களின் மொட்டைத் தண்டுகள் இன்றும் நிற்பதைப் படகில் இருந்து பார்க்கலாம். படகுச் சீட்டுக்கு முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள், விடுமுறை நாளில் நேரில் போய் வாங்குவது கடினம்.

இறங்கி வந்து லோயர் கேம்ப்பில், அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கின் மணிமண்டபத்தில் குறைந்தது ஒரு மணி நேரம் செலவழியுங்கள். தமிழ்நாடு அரசு கட்டி, அவர் பிறந்த நாளான ஜனவரி 15 அன்று 2013-இல் திறந்தது. உள்ளே அவருடைய சிலையும் பழைய படங்களும் இருக்கின்றன. போகும் முன் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் அந்தப் படங்கள் பேசும். பெரியாற்றைத் திருப்ப முடியுமா என்று பார்க்க, ராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை 1789-லேயே ஆள் அனுப்பியிருக்கிறார்; பணத்துக்கு வழியில்லாமல் அது நின்றுபோனது. பிறகு 1886-இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் மதராஸ் அரசு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் போட்டது. அடுத்த ஆண்டு வேலை தொடங்கியது. கல், சுண்ணாம்பு, சுர்க்கி என்கிற செங்கல் பொடி, இவ்வளவுதான் பொருள். காட்டு வெள்ளம் கட்டியதை அடித்துக்கொண்டு போனது, காய்ச்சலில் தொழிலாளிகள் நிறையப் பேர் செத்தார்கள். அவர்கள் பெயர்கள் நமக்குத் தெரியாது. மண்டபத்தில் நிற்கும்போது அவர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

அரசு பணம் தராமல் கைவிட்டபோது பென்னிகுயிக் தன் சொத்தை விற்று அணையை முடித்தார் என்று இங்கே வீட்டுக்கு வீடு சொல்வார்கள். அதை மக்கள் சொல்லும் கதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்; அணை கட்டப்பட்டது மதராஸ் அரசின் பணத்தில். அவர்மேல் இந்த மக்களுக்கு இருக்கும் அன்பு அந்தக் கதையை நம்பி நிற்பதும் இல்லை. வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் அவர் படத்தை மாட்டியிருப்பார்கள். தேனிக்குப் பக்கத்தில் உள்ள பாலார்பட்டியில் ஜனவரி 15 அன்று அவருக்காகவே பொங்கல் வைக்கிறார்கள். மணிமண்டபத்திலும் அன்று விழாதான். தை மாதம் வருகிறவர்கள் அந்த நாளைக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

கண்ணகி கோயில் பற்றி. லோயர் கேம்ப்புக்கு மேலே வண்ணாத்திப்பாறையில், இரு மாநில எல்லையில், இடிந்த நிலையில் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஆண்டில் ஒரே ஒரு நாள், சித்ரா பௌர்ணமி அன்று மட்டும்தான் அனுமதி. குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம். லோயர் கேம்ப்பை அடுத்த பளியன்குடியிலிருந்து காட்டு வழியே நடந்தும் போகலாம், ஆறு கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம். முழங்கால் ஒத்துழைத்தால் நடைதான் நல்லது. விடியும் முன் தொடங்குங்கள், பிளாஸ்டிக் எதுவும் எடுத்துப்போகாதீர்கள், மாலைக்குள் எல்லோரையும் இறக்கிவிடுவார்கள். மற்ற நாட்களில் "நான் கூட்டிட்டுப் போறேன்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது புலிகள் காப்பகக் காடு.

நேரம் மிஞ்சினால் மாலையில் கம்பம்மெட்டுச் சாலையில் ஏறுங்கள். வளைவுகளில் நின்று பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் கீழே விரியும்: நடுவில் ஆறு, அதை ஒட்டி வயல், அதற்கு அப்பால் தோப்பு, எதிரே மேகமலை. மறுநாள் போகப்போகிற இடங்களை விரல் நீட்டிக் காட்டிவிடலாம்.

இரண்டாம் நாள்: சுருளி, திராட்சை, சமணர் பாறை

சுருளிக்குக் காலையில் முதல் ஆளாகப் போங்கள். கம்பத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். வனத்துறை வாசலில் கட்டணம் செலுத்திவிட்டு உள்ளே கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். அருவி இரண்டு கட்டமாக விழுகிறது; குளிப்பது கீழ்க் கட்டத்தில். ஆடி, தை அமாவாசைகளில் முன்னோருக்குத் திதி கொடுக்க ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். குளிக்க மட்டும் வருகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்க்கலாம். மேலே கைலாசநாதர் குகை இருக்கிறது. சோப்பு, ஷாம்பு, எண்ணெய் வேண்டாம். இந்தத் தண்ணீரைத்தான் கீழே ஊர்கள் குடிக்கின்றன. பையைக் கையிலேயே வைத்திருங்கள், குரங்குகள் ஜிப்பைத் திறக்கும்.

யானை நடமாட்டம் இருந்தாலோ நீர்வரத்து அதிகமானாலோ அன்றைக்குக் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். இதைச் சிலர் தகராறாக்குகிறார்கள். 2023 மே மாதம் அரிக்கொம்பன் என்கிற யானை கம்பம் ஊருக்குள்ளேயே வந்து நின்றதைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தடையின் அருமை தெரியும். 2021 முதல் இந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. முதல் நாள் மாலையே விடுதியில் கேட்டுவிடுங்கள், வீண் அலைச்சல் மிச்சமாகும்.

திரும்பும் வழியில் சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டங்கள். பந்தல் தலை உயரத்துக்குத்தான் இருக்கும், குனிந்து உள்ளே போனால் மேலே கம்பி வலையில் கொடி படர்ந்து வெளிச்சம் பச்சையாக இறங்கும். பழுத்த குலையின் மேல் வெளுப்பாகப் பொடி படிந்திருக்கும். கட்டைவிரலால் தேய்த்தால் கீழே கருநீலம் பளபளக்கும். இதுதான் 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை. மற்ற இடங்களில் திராட்சைக்கு ஒரு பருவம். இங்கே ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். தோட்டக்காரரைக் கேட்காமல் உள்ளே நுழையாதீர்கள், கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கிலோ கணக்கில் அங்கேயே வாங்கலாம். மருந்து அடித்திருப்பார்கள் என்பதால் கழுவாமல் வாயில் போடாதீர்கள், குழந்தைகளுக்குக் கண்டிப்பாக.

கம்பத்தில் மதிய உணவு. கம்பராயப் பெருமாளும் காசி விசுவநாதரும் ஒரே வளாகத்தில் இருக்கும் கோயிலைக் காலையிலேயே பார்த்திருந்தால் நல்லது, மதியம் நடை சாத்தியிருக்கும்.

பிறகு உத்தமபாளையம். இந்தப் பயணத்தில் ஒரே ஒரு வரலாற்று இடம்தான் பார்க்க நேரம் உண்டு என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஊரை ஒட்டிக் கருப்பணசாமி கோயில் இருக்கும் பாறை. ஊரில் "சமணர் மலை" என்றோ "கருப்பசாமி கோயில் பாறை" என்றோ கேளுங்கள், ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். பாறையின் முகத்தில் தீர்த்தங்கரர்கள் வரிசையாகப் புடைத்து நிற்கிறார்கள், சிலர் அமர்ந்திருக்கிறார்கள். தலைக்கு மேல் முக்குடை உள்ளவர், ஐந்தலை நாகம் குடைபிடிக்கும் பார்சுவநாதர் என்று ஒவ்வொருவரையும் அடையாளம் காண முயலுங்கள்.

சிற்பங்களோடு, பழைய தமிழ் எழுத்து வகையான வட்டெழுத்தில் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்தியவை. சிற்பத்தைச் செய்வித்தவர்களின் பெயர்களை அவை சொல்கின்றன. அவற்றில் ஒரு பெயர் அச்சணந்தி. மதுரையைச் சுற்றியுள்ள மலைகளில் பல இடங்களில் இந்தத் துறவியின் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. அங்கிருந்து இத்தனை தூரம் ஆற்றங்கரையோடு நடந்து இங்கே வந்து ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கேரள மலைக்குப் போகும் வணிக வழி இந்தப் பள்ளத்தாக்கு வழியாகப் போனது என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால், இந்த இடம் ஏன் என்று புரியும்.

மூன்று குறிப்புகள் இங்கே முக்கியம். உச்சி வெயிலில் போகாதீர்கள். வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் புடைப்பும் எழுத்தும் எடுப்பாகத் தெரியும். கல்வெட்டு தெளிவாகத் தெரியட்டும் என்று சுண்ணாம்போ சாக்பீஸோ பூசாதீர்கள், தண்ணீர் ஊற்றித் தேய்க்காதீர்கள். மங்கலான எழுத்துக்குக் கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டிலிருந்து பிடித்தாலே போதும். அப்புறம், அது இன்றும் வழிபாடு நடக்கும் கோயில், செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். விளக்கப் பலகையை நம்பிப் போக வேண்டாம், முன்பே படித்துவிட்டு வாருங்கள்.

ஊருக்குள் இருக்கும் காளாத்தீசுவரர் கோயிலை ராணி மங்கம்மாள் காலத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். மாலைப் பூசை நேரத்தில் போனால் போதும்.

மூன்றாம் நாள்: சின்னமனூரும் மேகமலையும்

மேகமலைச் சாலை சின்னமனூரிலிருந்துதான் பிரிகிறது. அடிவாரத்தில் தென்பழனிச் சோதனைச்சாவடி. காலை ஆறு மணிக்குத் திறந்து மாலையில் மூடிவிடுவார்கள், இரவுப் பயணம் கிடையாது. அங்கிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்ப் பூவின் பெயர். பிள்ளைகளைப் பெயர்களைப் படித்துக்கொண்டே வரச் சொல்லுங்கள், தலைசுற்றல் மறந்துபோகும். மேலே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு என்று சிறு அணைகள். அந்த நீர்தான் சுருளியாறு மின் நிலையத்துக்குப் போகிறது. அதைத் தாண்டி வெளியே வரும் நீரைத்தான் நேற்று சுருளியில் பார்த்தீர்கள்.

பேருந்து உண்டு, ஆனால் எண்ணிச் சொல்லும் அளவுக்குத்தான். அதில் போனால் திரும்பும் வண்டியின் நேரத்தை நடத்துநரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மேலே பெட்ரோல் கிடையாது, கைப்பேசிச் சிக்னல் அங்கங்கே மட்டும். தேயிலைத் தோட்டம் தனியார் இடம், சாலையோரத்திலிருந்து பாருங்கள். ஓடைக்குள் இறங்காதீர்கள். காட்டெருமை தோட்டத்தில் மேய்ந்துகொண்டிருந்தால் வண்டிக்குள்ளேயே இருங்கள். சாதுவாகத் தெரிகிறது என்று கிட்டப் போய்ப் படம் எடுப்பவர்களைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறும்.

பிற்பகலில் இறங்கி வந்தால் சின்னமனூர். தமிழ்நாட்டு வரலாறு படித்தவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் சின்னமனூர்ச் செப்பேடுகளால் தெரிந்திருக்கும். பாண்டியர் வமிசாவளியைச் சொல்லும் பத்தாம் நூற்றாண்டுப் பெரிய செப்பேட்டில்தான் "மகாபாரதந் தமிழ்ப்படுத்தும் மதுராபுரிச் சங்கம் வைத்தும்" என்ற புகழ்பெற்ற வரி வருகிறது. செப்பேடுகள் இன்று ஊரில் இல்லை. ஆனாலும் பூலாநந்தீசுவரர் கோயிலில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். சங்கம் பற்றி நாம் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒரு சான்று இந்த வாழைத்தோட்ட ஊரிலிருந்து கிடைத்தது என்பது எனக்கு இன்றும் வியப்புதான். பக்கத்தில் குச்சனூர் சனீசுவரர் கோயில், ஆடிச் சனிக்கிழமைகளில் நெருங்க முடியாது.

நான்காம் நாள்: வீரபாண்டி, வைகை அணை

தேனிக்குத் தெற்கே எட்டு கிலோமீட்டரில் வீரபாண்டி. பெரியாற்றுத் தண்ணீர் ஓடிவரும் முல்லையாற்றங்கரையில் கௌமாரியம்மன் கோயில், சற்றுத் தள்ளிக் கண்ணீசுவரமுடையார் கோயில். சித்திரைத் திருவிழா எட்டு நாள். அக்கினிச் சட்டியும் ஆயிரங்கண் பானையுமாக இரவு பகலாகக் கூட்டம் வரும். மற்ற நாட்களில் அமைதி. ஆற்றில் தண்ணீர் இருந்தால் தடுப்பணையில் உள்ளூர்க்காரர்கள் குளிக்கும் இடத்தில் மட்டும் குளியுங்கள். மேலே எவ்வளவு திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இழுப்பு சட்டென்று மாறும்.

அங்கிருந்து வைகை அணை. காமராசர் ஆட்சியில் கட்டி 1959-இல் திறந்தது. அணையின் உயரம் 111 அடி, நீர் தேக்குவது 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஐந்து மாவட்டத்துக் கரையோர மக்களும் அந்த எண்களைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அணைக்குக் கீழே இரு கரையிலும் பூங்கா. மாலை நான்கு மணிக்குப் பிறகு வந்தால் நிழலும் கிடைக்கும். நீங்கள் முதல் நாள் குழாயில் விழப் பார்த்த தண்ணீர் இங்கே வருஷநாட்டு மலையிலிருந்து வரும் வைகையோடு சேர்ந்து தேங்கியிருக்கிறது.

அணையை ஒட்டிய ஆண்டிபட்டி வட்டாரத்தில்தான் புலிமான்கோம்பை இருக்கிறது. 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துள்ள நடுகற்களை இங்கே கண்டெடுத்தார்கள். இதுவரை கிடைத்த நடுகற்களில் மிகப் பழையவை என்று சொல்லப்படுபவை. அவற்றில் ஒன்று, கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், இறந்த அந்தவன் என்பவனுக்காக நட்ட கல். அந்தக் கூடலூர், நீங்கள் முதல் நாள் கடந்துவந்த கூடலூராக இருக்கலாம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. ஊருக்குப் போனால் பார்க்கக் கல் இருக்காது, பாதுகாப்புக்காக எடுத்துச் சென்றுவிட்டார்கள். அதனால் அந்த ஊரைத் தேடி அலைய வேண்டாம்.

தொல்பொருள்களைக் கண்ணாடிப் பெட்டியில் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் இன்னொரு நாள் சேர்த்துக்கொண்டு ஆற்றோடு மேலும் கீழே போகலாம். மதுரையில் ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் காந்தி நினைவு அருங்காட்சியகம், அதே வளாகத்தில் அரசு அருங்காட்சியகம். அதற்கும் கீழே, 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகம். வார விடுமுறை நாளை மட்டும் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

வைகை அணையிலிருந்து ஆண்டிபட்டி ரயில் நிலையம் பக்கம்தான். காலையில் மதுரையிலிருந்து போடிக்கு வருகிற ரயில் மாலையில் அதே வழியே திரும்புகிறது. அதில் ஏறினால் உசிலம்பட்டி வழியாக இரவுக்குள் மதுரை போய்விடலாம். பூங்காவில் கூடுதல் நேரம் இருக்க விரும்புகிறவர்கள் ஆண்டிபட்டியிலிருந்து பேருந்தைப் பிடியுங்கள், இரவிலும் கிடைக்கும்.